எத்தனை பெட்டி வாங்குவது?

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கோழியில் சுமார் 34 விழுக்காடு அங்கிருந்து வந்ததுதான். பெரும்பாலானவை உயிருடன் லாரியில் வந்து இங்கே அறுக்கப்பட்டவை. கோழிச் சோற்றுக் கடைக்காரர்கள் தவித்தனர். உணவு நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளும் அந்த வாரங்களில் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

கொள்முதல் என்றால் பேரம் பேசி மலிவாக வாங்குவது என்று பலர் நினைக்கின்றனர். பேரம் அதில் சிறு பகுதிதான். எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பதே உண்மையான வேலை.

முதல் கேள்விக்கு அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் 1913லேயே ஒரு சூத்திரம் தந்துவிட்டார். ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்கு 3,600 பெட்டி கையுறை தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை ஆர்டர் கொடுக்கவும் 50 வெள்ளி செலவு. ஒரு பெட்டியை ஓராண்டு கிடங்கில் வைத்திருக்க 4 வெள்ளி. மொத்தமாக வாங்கிக் குவித்தால் கிடங்குச் செலவு ஏறும். சிறுகச் சிறுக வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும். ஆண்டுத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, கிடங்குச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 2 × 3,600 × 50 ÷ 4 = 90,000. வர்க்கமூலம் 300.

ஆக, மாதம் ஒரு முறை 300 பெட்டி. ஆர்டர் செலவு ஆண்டுக்கு 600 வெள்ளி. கிடங்கில் சராசரியாக 150 பெட்டி இருக்கும் என்பதால் அதற்கும் 600 வெள்ளி. இரண்டும் சமமாக இருப்பது தற்செயல் அல்ல. அங்கேதான் மொத்தச் செலவு மிகக் குறைவு. 600 பெட்டியாக வாங்கிப் பாருங்கள்: 1,200 வெள்ளி 1,500 ஆகிவிடும்.

எப்போது வாங்குவது? நாளுக்குச் சுமார் 10 பெட்டி தீர்கிறது, சரக்கு வர 7 நாள் ஆகும் என்றால், இருப்பு 70ஆகக் குறையும்போது ஆர்டர் கொடுக்கலாம். கப்பல் 5 நாள் தாமதமானால்? அதற்காக இன்னும் 50 பெட்டி சேர்த்து, 120லேயே ஆர்டர் கொடுக்க வேண்டும். இந்த 50தான் காப்பு இருப்பு.

கையுறைக்குச் சரி, புதுக் கோழியை அப்படி மாதக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாதே! அங்கேதான் மூன்றாவது கேள்வி கடினமாகிறது. பிரேசிலிலிருந்து உறையவைத்த கோழி ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால் சிங்கப்பூர் சமாளித்தது. அதே ஜூன் மாத இறுதியில் இந்தோனீசியக் கோழிக்கும் சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதி அளித்தது. எல்லாம் சீராக நடக்கும் காலத்தில் இரண்டாவது விற்பனையாளரை வைத்திருப்பது வீண்செலவாகத்தான் தெரியும். கணக்காளர் கேள்வி கேட்பார். எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதற்கு ஹாரிஸின் சூத்திரத்தில் விடை கிடையாது. அதற்குச் சந்தையையும் வானிலையையும் அண்டை நாட்டுச் செய்திகளையும் படித்தாக வேண்டும். புவியியல் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்கவும்!

மற்றவர் பணத்தைச் செலவிடும் வேலை என்பதால் கை சுத்தம் முக்கியம். விற்பனையாளரிடம் கையூட்டு வாங்கினால், தனியார் நிறுவன ஊழியராக இருந்தாலும் சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் பாயும்.

தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என எல்லா நிலைகளிலும் விநியோகத் தொடர் நிர்வாகம் படிக்க வழி உண்டு. முதல் வேலை கிடங்கில் பெட்டி எண்ணுவதாகவும் இருக்கலாம். கணினி காட்டும் எண்ணும் அலமாரியில் இருக்கும் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.