எண்ணப்படும் நிமிடங்கள்

நோயாளியை நேரிற் காணாத நேரத்திற்கும் மருத்துவர் கட்டணம் கோரலாமா? அமெரிக்காவில், பெரும்பாலும் முதியோருக்குரிய அரசுக் காப்பீடாகிய மெடிகேர் 2015 சனவரியில் இதற்கு இசைந்தது. ஓராண்டேனும் நீடிக்கவல்ல நோய்கள் இரண்டு இருத்தல் வேண்டும். நோயாளியின் ஒப்புதல் வேண்டும். மருத்துவப் பணியாளர் மாதத்தில் 20 நிமிடமேனும் அவர்பொருட்டுச் செலவிட்டிருத்தல் வேண்டும். இதற்குரிய குறியீட்டெண் 99490. பத்தொன்பது நிமிடமாயின் ஒரு காசும் இல்லை!

ஆஸ்துமாவும் நீரிழிவும் உடைய சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இன்சுலின் அளவைத் தாய்க்குத் தொலைபேசியில் விளக்க வேண்டும். பள்ளிக்கு மருந்துக் குறிப்பு விடுக்க வேண்டும். இரு சிறப்பு மருத்துவர்களின் மருந்துகளை ஒத்துப்பார்க்க வேண்டும். முதியவர் பலர் தம் மருந்தைத் தாமே அறிவர். குழந்தைக்காகவோ பலரிடம் பேசியாக வேண்டும். ஆதலின் இவ்வுழைப்பு குழந்தை மருத்துவத்திலேயே மிகுதி என்பேன். ஆயினும், வறிய குடும்பத்துக் குழந்தைகளைக் காக்கும் மெடிக்கெய்டு மாநிலந்தோறும் வேறுபடுவது. ஒரு மாநிலம் ஏற்கும் குறியீட்டை மற்றொன்று ஏற்காமலும் போகலாம்.

ஆஸ்துமா மட்டுமே உடைய குழந்தைக்கு 99490 பொருந்தாது. ஒற்றை நோய்க்கென 99424 முதலான எண்கள் 2022இல் வந்தன. அவற்றிற்கு முதற்கட்டமாக 30 நிமிடம் தேவை. மாத முடிவில் எஞ்சும் நிமிடங்கள் அடுத்த மாதக் கணக்கில் ஏறா.