பந்தயப் பாய்மரப் படகுகள் எங்கே முறிகின்றன?

1995 மார்ச் 5. அமெரிக்காவின் சான் டியேகோவுக்கு அப்பால் கடல் கொந்தளிப்பாக இருந்தது. அமெரிக்கா கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நியூசிலாந்துப் படகோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தது 'ஒன் ஆஸ்திரேலியா'. 1983இல் அந்தக் கோப்பையை முதன்முறையாக அமெரிக்கர்களிடமிருந்து பறித்த ஜான் பெர்ட்ரண்டின் அணி அது. திடீரென்று படகின் உடல் நடுவில் மடிந்தது. சில நிமிடங்களில் பாய்மர உச்சியும் கடலுக்குள் போய்விட்டது. குழுவினர் அனைவரும் தண்ணீரில் குதித்து உயிர் தப்பினார்கள்.

எதன்மீதும் மோதாத படகு ஏன் முறிகிறது? காற்றை எதிர்த்து முன்னேற வேண்டுமானால் பாய் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்காகப் பாய்மரத்தின் உச்சியை முன்னும் பின்னும் கம்பிகளால் பல டன் விசையில் இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பிகள் படகின் இரு முனைகளையும் மேலே இழுக்கின்றன. பாய்மரத்தின் அடி நடுவுடலைக் கீழே அழுத்துகிறது. அடியில் கீல் என்னும் நீண்ட தண்டின் நுனியில் ஈயக் குண்டு தொங்குகிறது. நாணேற்றிய வில்லைப் போன்ற இந்த இறுக்கத்தோடுதான் படகு ஒவ்வோர் அலையிலும் ஏறி விழுகிறது.

உடலைத் தடிமனாக்கினால் தாங்கும். ஆனால் எடை கூடினால் வேகம் குறையும். எனவே வடிவமைப்பாளர்கள் தேன்கூடு போன்ற இலேசான உள்ளடுக்கின் இருபுறமும் மெல்லிய கார்பன் இழைத் தகடுகளை ஒட்டுகிறார்கள். எஃகு உடைவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் அப்படியல்ல. உள்ளே அடுக்குகள் பிரிந்திருப்பது வெளியே தெரியாது. ஒரு பெரிய அலையில் மொத்தமாக உடையும்.

அடுத்த பெரிய மாற்றம் ஃபாயில். நீருக்கடியில் விமானச் சிறகைப் போல வேலை செய்யும் இந்தப் பலகை படகின் உடலையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறது. நீரின் இழுவை குறைந்ததும் படகு காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். ஆனால் வேகம் இரட்டித்தால் ஃபாயில் தரக்கூடிய தூக்குவிசை நான்கு மடங்காகிறது. அதைத் தாங்கும் தண்டின் மீதும் சுமை அப்படியே ஏறுகிறது.

மாலுமிகள் அதிகம் அஞ்சுவது ஒரு திருப்பத்தை. காற்றை எதிர்த்து வந்த படகு, மிதவையைச் சுற்றிக் காற்று போகும் திசைக்குத் திரும்பும்போது பாயின் விசை திடீரென்று பெருகி மூக்கைக் கீழே அழுத்தும். 2012 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆரக்கிள் அணியின் 72 அடி இரட்டையுடல் படகு இப்படித்தான் குப்புறக் கவிழ்ந்தது. 2013 மே 9 அன்று, அதே விரிகுடாவில், ஆர்ட்டெமிஸ் அணியின் படகும் பயிற்சியின்போது இப்படித் திரும்புகையில் கவிழ்ந்து உடைந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் மாலுமி ஆண்ட்ரூ சிம்ப்சன் அதனடியில் சிக்கி இறந்தார். 40 மீட்டர் உயரச் சிறகுப் பாய் கொண்ட அந்தப் படகுகளை எத்தகைய காற்றில் ஓட்டலாம் என்ற கேள்வியை அமைப்பாளர்கள் அதன் பிறகு மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். காற்று வேகத்துக்கான வரம்பு குறைக்கப்பட்டது. இறுதிப் போட்டிக்கு அது 23 நாட் என்றானது.

இன்றைய கோப்பைப் படகு 75 அடி நீளமுள்ள ஒற்றையுடல் படகு. 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டரைத் தாண்டும். 2021 ஜனவரி 17 அன்று ஆக்லாந்தில் 'பேட்ரியட்' என்ற அமெரிக்கப் படகு அதே வகைத் திருப்பத்தில், சூறைக்காற்றில், நீரிலிருந்து எழும்பிக் கவிழ்ந்தது. உடலில் ஓட்டை விழுந்து மூழ்கத் தொடங்கிய அதை மிதக்க வைக்கப் போட்டி அணிகளும் ஓடிவந்தன. எல்லோரும் பிழைத்தார்கள்.

50 நாட்டை ஒட்டி நீரே ஒரு தடை போடுகிறது. ஃபாயிலின் மேற்பரப்பில் அழுத்தம் மிகவும் குறைவதால் சாதாரண வெப்பநிலையிலேயே நீர் ஆவிக் குமிழிகளாகிறது. தூக்குவிசை தடுமாறுகிறது; குமிழிகள் உடையும்போது ஃபாயிலின் பரப்பும் அரிக்கப்படுகிறது. இந்தத் தடையைக் கடக்க, குமிழிப் படலத்துக்குள்ளேயே வேலை செய்யும் ஆப்பு வடிவ ஃபாயிலைப் பொருத்தியது 'செயில்ராக்கெட் 2'. 2012 நவம்பரில் நமீபியாவின் வால்விஸ் பேயில் பால் லார்சன் அதை 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக 65.45 நாட் வேகத்தில் ஓட்டினார். ஆனால் அது ஒரே பக்கக் காற்றில், அமைதியான கரையோர நீரில் மட்டும் ஓடுவதற்கான வாகனம். அதற்கு முந்தைய படகு 2008இல் வேக ஓட்டத்தின்போது காற்றில் தூக்கி எறியப்பட்டிருந்தது.

நடுக்கடலில் மீட்புப் படகு அருகில் இருக்காது. தனியாளாக உலகைச் சுற்றும் வாண்டே குளோப் பந்தயத்தில், 2020 நவம்பர் 30 அன்று, கேப் டவுனுக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் 'பிஆர்பி' படகு அலைக்குள் மூக்கை விட்டதும் மடிந்து உடைந்தது. அது பத்தாண்டுப் பழைய உடல். ஃபாயில்கள் பின்னாளில் பொருத்தப்பட்டவை. உயிர்காப்பு மிதவையில் தத்தளித்தவரைச் சக போட்டியாளர் ஜான் லெ காம் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டார்.

இத்தகைய அபாயத்தை ஓர் அணி தனியாகக் குறைக்க முடியாது. தன் படகை மட்டும் கனமாக்கினால் அது தோற்கும். எல்லா அணிகளுக்கும் பொதுவான விதி வந்தால்தான் கூடுதல் எடை யாருக்கும் பாதகமாகாது. 2012-13 வாண்டே குளோப்பில் மார்க் கியுமோவின் படகு புறப்பட்ட சில மணி நேரத்திலேயே கீலை இழந்தது. ஜான்-பியர் டிக், கீல் இல்லாமலே 2,600 கடல் மைலுக்கு மேல் ஓட்டி நான்காவதாக வந்தார். அதன் பிறகு அந்தப் பந்தயப் படகுகளுக்கான விதி, புதிய படகுகள் அனைத்துக்கும் ஒரே வகைப் பாய்மரத்தையும் திட எஃகுக் கீலையும் கட்டாயமாக்கியது. அமெரிக்கா கோப்பையிலும் 75 அடிப் படகுகளின் ஃபாயில் தண்டு எல்லா அணிகளுக்கும் பொதுவான பாகமாக வழங்கப்பட்டது.

ஆனால் வாண்டே குளோப் படகுகளின் ஃபாயில்களை இன்னும் ஒவ்வோர் அணியும் தானே வடிவமைக்கிறது. அவற்றுக்குள் பதித்த ஒளியிழை உணரிகள் சுமையை அளந்து, எல்லை நெருங்கினால் எச்சரிக்கை ஒலி எழுப்புகின்றன. பாயைக் குறைப்பதா, இன்னும் சிறிது நேரம் பொறுப்பதா என்பதை உறக்கம் பற்றாமல் தனியே இருக்கும் மாலுமிதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.