படத்தில் அப்பிள், வீதியில் பாலைப்பழம்

திருகோணமலையில் அப்பிள் மரம் இல்லை. ஸ்ட்ரோபெரிச் செடியும் இல்லை. ஆனாலும் எங்கள் பகுதிப் பாலர் பாடசாலைச் சுவர்களில் தொங்கும் பழப் படங்களில் முன்வரிசையில் இருப்பவை இவைதாம். கடையில் வாங்கும் படங்கள் அப்படித்தான் அச்சாகி வருகின்றன. நான்கு வயதுப் பிள்ளை "அப்பிள், ஸ்ட்ரோபெரி, செரி" என்று தடங்கலின்றிச் சொல்லும். பருவகாலத்தில் வீதியோரத்தில் குவித்து விற்கும் பாலைப்பழத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் முழிக்கும். விளாம்பழத்தைப் பந்து என்று சொன்ன பிள்ளையும் உண்டு.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், அயலிலுள்ள பாலர் பாடசாலை ஒன்றில் ஆசிரியைக்கு உதவியாக இருந்தேன். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள். பழங்களையும் மரக்கறிகளையும் கதையாலும் கைவேலையாலும் எப்படி அறிமுகப்படுத்தலாம் என்பதை, அங்கே பார்த்ததையும் பிறகு தேடி வாசித்ததையும் வைத்து எழுதுகிறேன். வீட்டில் சின்னத் தம்பி, தங்கை உள்ள சகோதரிகளுக்கும், "என்ட புள்ள மரக்கறிப் பக்கமே போகுதில்ல" என்று சொல்லும் உம்மாமாருக்கும் இது உதவலாம்.

முதலில் அந்த உம்மாமாருக்கு ஆறுதலான ஒரு செய்தி. இரண்டு வயதுக்குப் பிறகு புதிய உணவைக் கண்டு பிள்ளை முகத்தைத் திருப்புவது பிடிவாதமன்று. வளர்ச்சியில் வரும் ஒரு கட்டம். பழக்கமில்லாததை வாயில் வைக்கப் பயப்படுகிறது, அவ்வளவுதான். லீன் பேர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளிடம் அவர்கள் அறியாத பழங்களைக் கொடுத்தார்கள். சில பழங்களைப் பார்க்க மட்டும் விட்டார்கள், சிலவற்றைச் சுவைக்கவும் விட்டார்கள். சிலவற்றை ஐந்து தடவை, சிலவற்றைப் பத்து, பதினைந்து தடவை. பார்த்துப் பார்த்துப் பழகிய பழம் கண்ணுக்குப் பிடித்துப் போனது. ஆனால் நாக்குக்குப் பிடிக்க வேண்டுமானால் நாக்கிலே பட்டிருக்க வேண்டும் என்று தெரிய வந்தது.

இதை வாசித்தபோது எனக்குச் சுவரில் தொங்கிய படங்கள்தாம் நினைவுக்கு வந்தன. நாம் படத்தைக் காட்டுகிறோம், பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம், நிறம் தீட்ட வைக்கிறோம். பிள்ளைக்கு அந்தப் படம் பிடித்தும் விடுகிறது. பிறகு சாப்பாட்டுப் பெட்டியில் கரட் இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. எனவே கதையும் கைவேலையும் எங்கே தொடங்கினாலும் ஒரு சிறு துண்டைச் சுவைப்பதில் போய் முடிய வேண்டும். பிடிக்காவிட்டால் துப்பலாம் என்ற அனுமதியும் வேண்டும். இந்த அனுமதியைக் கொடுத்ததும், முன்பு வாயை இறுக மூடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நீட்டியதை நான் பார்த்தேன்.

அடுத்து, படங்களில் இருக்கும் இரண்டு பெட்டிகள். ஒன்றில் பழங்கள், மற்றதில் மரக்கறிகள். தக்காளியை எங்கே வைப்பது? விதை இருப்பதால் தாவரவியலின்படி அது பழம். கத்தரிக்காய், வெண்டிக்காய், பூசணிக்காய், பயிற்றங்காய் எல்லாம் அப்படியே. ஆனால் சமையலறையில் அவை மரக்கறி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களுக்கு இது வேடிக்கை. நான்கு வயதுப் பிள்ளைக்குக் குழப்பம்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. நம் மொழியில் காயும் பழமும் ஒன்றுக்கொன்று வேறான பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் வயதுகள். பூ, பிஞ்சு, காய், பழம் என்று அது வளர்ந்து போகிறது. பிஞ்சிலும் மரத்துக்கு மரம் பெயர் மாறும். மாம்பிஞ்சு வடு, வாழைப்பிஞ்சு கச்சல், பலாப்பிஞ்சு மூசு, தென்னம்பிஞ்சு குரும்பை. வடுவும் குரும்பையும் எங்கள் வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கின்றன. கச்சலும் மூசும் எனக்கே பாடப் புத்தகத்துக்கு வெளியில் தேடித்தான் கிடைத்தன.

ஆகவே பிள்ளைகளிடம் "இது பழமா, மரக்கறியா?" என்று கேட்பதைவிட, "இதுக்கு என்ன வயசு?" என்று கேட்கலாம். பலா இதற்கு மிகப் பொருத்தம். பிஞ்சாக இருக்கும்போது கறி, முற்றிய காயும் கறி, பழுத்தால் பழம், தின்று முடித்த பிறகு கொட்டையும் கறி. பப்பாசியும் வாழையும் இப்படியே. ஒரு நாள் பச்சைப் பப்பாசிக்காய் ஒன்றையும் நன்றாகப் பழுத்த ஒன்றையும் பாயில் வைத்தோம். இரண்டும் நானாவும் தம்பியும் என்று ஒரு பிள்ளை சொன்னது. எது நானா என்பதில் பெரிய சண்டை. பச்சையாக இருப்பதுதான் பருமனாக இருந்தது, ஆகவே அதுதான் நானா என்று பாதிப்பேர். பழுத்ததுதான் முந்திப் பிறந்தது என்று மற்றவர்கள். அளவும் வயதும் ஒன்றல்ல என்ற பாடத்தை அன்றைக்கு யாரும் திட்டமிட்டுக் கற்பிக்கவில்லை.

இனிக் கதைகள். "கரட் சாப்பிட்டால் கண் தெரியும், கீரை சாப்பிட்டால் பலம் வரும்" என்று முடியும் கதைகளும் பாட்டுகளும் நம்மிடம் நிறைய. இவை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது. மிஷல் மைமரன், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு உணவு உண்ணும் ஒரு சிறுமியின் படக்கதை சொல்லப்பட்டது. அந்த உணவு பலம் தரும் என்றோ, எண்ணவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ள உதவும் என்றோ கேட்ட பிள்ளைகள் அதைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். வேறொன்றுக்குப் பயன்படும் உணவு ருசியாக இருக்காது என்று சின்னப் பிள்ளைகள் முடிவுகட்டி விடுகிறார்களாம். மருந்து என்றால் கசக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்தானே! ஆகவே கதையில் கரட் கரட்டாகவே இருக்கட்டும்.

நாங்கள் சொன்ன கதைகளில் அதிகம் எடுபட்டது கரட் வந்த பாதை. கரட் எங்கள் மண்ணில் விளைவதில்லை. அது குளிரூர்க்காரர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் போர்வை போர்த்திக்கொண்டு மண்ணுக்குள் தூங்குகிறார். ஒருநாள் அவரை இழுத்துக் கழுவி, சாக்கில் போட்டு, லொறியில் ஏற்றுகிறார்கள். தம்புள்ளைச் சந்தையில் லீக்ஸையும் கோவாவையும் சந்திக்கிறார். அங்கிருந்து ஹபரணைக் காட்டு வழியில் யானை ஒன்று வீதியை மறித்து நிற்கிறது. கந்தளாய்க் குளக்காற்று வீசுகிறது. கடைசியில் லொறிக்காரர் கதவைத் திறந்தால் உப்புக் காற்று! கரட்டுக்கு வியர்க்கிறது. யானை வரும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பெயரைச் சொன்னது. கதை முடிந்ததும் கரட்டைச் சீவி, தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்த்துக் கொடுத்தோம். இவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்த கரட்டைத் துப்ப ஒரு பிள்ளைக்கு மனமில்லாமல் போனது. இன்னொரு பிள்ளை துப்பிவிட்டது, அதுவும் சரிதான்.

பாலைப்பழத்துக்குக் கரடி. பாலை பழுக்கும் காலத்தில் யால, வில்பத்துக் காடுகளில் கரடிகள் மரமேறித் தின்பது எல்லோரும் அறிந்தது. பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டும். நிறையத் தின்ற கரடிக்கு வாய் ஒட்டிக்கொண்டால் அது எப்படிப் பேசும்? பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டே கரடியாகப் பேசுவார்கள். அதற்கு மேல் கதை தேவைப்படவில்லை.

துறைமுகத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் கப்பல் கதையும் உகந்தது. அன்னாசி, பப்பாசி, கொய்யா, மரமுந்திரிகை, மிளகாய், தக்காளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானவை. கொலம்பஸ் 1492இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஐரோப்பியரின் கப்பல்கள் மூலமே ஆசியாவுக்கு வந்தன. கோவா என்ற பெயர் போர்த்துக்கேய மொழியிலிருந்தும் போஞ்சி என்ற பெயர் ஒல்லாந்து மொழியிலிருந்தும் வந்தவை. நம் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர், ஆண்டு 1624. இதெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கடுதாசிக் கப்பலும், அதில் ஏறிவரும் ஒரு பப்பாசி விதையும் போதும். பேரீச்சம்பழத்தை எல்லாப் பிள்ளைகளும் நோன்பு மாதத்தில் அறிவார்கள். காட்டோரத்து ஈச்சம்பழம் அதற்குச் சொந்தக்காரர் என்று சொன்னால் முகம் மலரும். உண்மையிலேயே இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை.

கைவேலை பற்றி ஒரு கருத்து வேறுபாடு உண்டு. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, நிறம் பூசி, தாளில் அச்சுக் குத்துவது பல இடங்களில் வழக்கம். ஒரு வகுப்புக்கு ஒரு கிலோ போய்விடும். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு நாடே பொருள் தட்டுப்பாட்டில் திண்டாடியபோது மரக்கறி விலை எங்கே போனது என்பதை எந்த உம்மாவும் மறந்திருக்க மாட்டார். சாப்பாட்டை வீணாக்காதே என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பாடசாலையில் அதற்கு நிறம் பூசினால் பிள்ளை எதைக் கேட்கும்? கறிக்கு வெட்டும்போது எறியும் பகுதியே அச்சுக்குப் போதும். வெண்டிக்காயின் காம்புப் பக்கம் பூப்போல விழும். கோவாவின் அடித்தண்டு ரோசாப்பூ போலவும், வாழை மட்டையின் வெட்டு முகம் வலை போலவும் வரும். வீடுகளில் கேட்டு வைத்தால் மறுநாள் பை நிறைய வந்து சேரும்.

நிறமும் சமையலறையிலேயே இருக்கிறது. பீற்றூட் தோலை அவித்த நீர் சிவப்பு, கீரை அரைத்த சாறு பச்சை. மஞ்சள் நீரில் ஒரு வித்தை உண்டு. மஞ்சள் பூசிய தாளில் சவர்க்கார நீர் பட்டால் செந்நிறமாகும், மேலே தேசிப்புளி விட்டால் மறுபடி மஞ்சளாகும். இதைப் பார்க்க, வகுப்பு முடிந்த பிறகும் வாப்பாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்த பிள்ளை உண்டு. குரும்பட்டியும் ஈர்க்கும் இருந்தால் கரட்டை ஏற்றிவரும் லொறி தயார். நான்கு குரும்பட்டி சில்லு, இரண்டு ஈர்க்கு அச்சு, மேலே ஒரு தீப்பெட்டி. ஈர்க்கைக் குத்துவது மட்டும் பெரியவர் வேலை.

எச்சரிக்கையாக இரண்டு விடயங்கள். விதை ஒட்டிப் படம் செய்யும்போது குன்றிமணியைக் கொண்டுவர விடாதீர்கள். பார்க்க அழகு, ஆனால் கடித்தால் கொடிய நஞ்சு. சிறு விதைகள் மூக்கிலும் காதிலும் போகும் என்பதால் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விதை வேலையே வேண்டாம். முந்திரிகைப்பழம் போன்ற உருண்டைப் பழங்களை முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

அங்கே இருந்த மாதங்களில் அடிக்கடி காதில் விழுந்த கேள்வி ஒன்று. "டீச்சர், பழம் வெச்சி விளையாடுறது சரி, எப்ப எழுதப் படிப்பிக்கப் போறீங்க?" முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் பெற்றோரே, ஈர்க்கைப் பிடித்துக் குரும்பட்டியில் பொருத்தும் விரல்கள்தாம் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. பயிற்றங்காயை உரித்து எத்தனை பயறு என்று எண்ணுவது கணிதம். "சொரசொரப்பு", "துவர்ப்பு", "வழுவழுப்பு" என்ற சொற்களைக் கையாலும் வாயாலும் அறிந்த பிள்ளைக்கு அவற்றை எழுதுவது பின்னால் வரும். 1944இல் இலங்கைக்கு வந்த மரியா மொன்டிசோரி அம்மையாரின் பெயரைத்தான் நம் பாலர் பாடசாலைகள் பல இன்றும் சுமக்கின்றன. புலன்களால் கற்பது அவருடைய முறையின் அடிப்படை. துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமல் தடவி, "இது கத்தரிக்காய்" என்று சொல்லும் விளையாட்டும் அந்த வழியில் வந்ததுதான்.

இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராம் பழமும் மரக்கறியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியிருக்கிறது. ஒரு நடுத்தரக் கொய்யா, ஒரு சின்ன வாழைப்பழம், இரண்டு கரண்டி கீரைச் சுண்டல் என்று வைத்தால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். இதில் அப்பிளுக்குக் கொடுக்கும் விலை இல்லை.

வீட்டில் தொடங்க விரும்புபவர்கள் பாசிப்பயற்றில் தொடங்குங்கள். ஒரு பிடி பயற்றை இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் பிள்ளையையே கட்டச் சொல்லுங்கள். மறுநாள் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள் வால் நீளும். துணியை அடிக்கடி அவிழ்த்துப் பார்த்தால் கோபிக்காதீர்கள், தண்ணீர் மட்டும் தெளிக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு சில முளைகளை யோகட் கோப்பை மண்ணில் நடுவதற்கு எடுத்துவைத்துவிட்டு, மீதியை நன்றாக அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டில் வையுங்கள்.