பாண்டிய நாட்டு வாசகர்கள் – 9: குறுநாவலுக்குள் ஒரு சரித்திரக் காதல்

தமிழில் சரித்திரக் காதல் கதை வாசகரின் தீர்ப்புக்குத் தலைகொடுத்தே வளர்ந்த வகை. வாரப் பத்திரிகையில் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள் இருக்கும். அந்த ஏழு நாளில் வீட்டிலும் அலுவலகத்திலும் ரயிலிலும் பேசித் தீர்த்த கருத்துகள் கடிதங்களாகி ஆசிரியரின் மேசைக்குப் போய்ச் சேரும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்து நின்றபோது, கதை சட்டென்று முடிந்துவிட்டதாகப் பலர் குறைப்பட்டார்கள். ஆசிரியர் கல்கி அதைக் காதில் வாங்காமல் இருந்துவிடவில்லை. நூலுக்கு ஒரு முடிவுரை எழுதி, யார் யாரை மணந்தார்கள், யாருடைய கதி என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்கும் இதே அனுபவம் உண்டு. 1819-இல் வந்த ‘ஐவன்ஹோ’வில் நாயகன் ரெபெக்காவை மணக்காததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை; 1830 பதிப்பின் முன்னுரையில் ஸ்காட் அதற்கு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. சரித்திரக் கதையில் போர் எப்படி முடியும் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். காதல் எப்படி முடியும் என்பதுதான் தெரியாது. சண்டை அங்கேதான் பிறக்கிறது.

மதுரைப் பக்கத்து வாசகருக்கு இதற்கு மேலும் ஒரு வழக்கு உண்டு. தமிழின் பெரிய சரித்திரத் தொடர்கள் காவிரிக் கரையையும் பாலாற்றுக் கரையையும் சுற்றி எழுந்தவை. ‘பார்த்திபன் கன’வும் ‘சிவகாமியின் சபத’மும் பல்லவர் காலத்தவை, ‘பொன்னியின் செல்வன்’ சோழர் காலத்தது. அதில் பாண்டிய நாட்டார் வருவது பழிவாங்கத் துடிக்கும் சதிகாரர்களாக. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டத்தைச் சூடியவன் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. அவனைக் கொன்றவர்களைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் கொலையாளிகளைப் பாண்டிய ஆபத்துதவிகளோடு முடிச்சுப் போட்டது கதாசிரியரின் கற்பனை. தலை கொய்யப்பட்டவன் எங்கள் ஊர் அரசன், அவனுக்காக உயிர்விடத் துணிந்தவர்கள் எப்படி வில்லன்கள் ஆனார்கள் என்பது வைகைக்கரை வாசகரின் பழைய கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதிலாக எழுந்த பெரிய நாவல்களும் உண்டு. பாண்டியர் மணிமுடி இலங்கைக்குப் போன சரித்திரத்தை இரண்டு எழுத்தாளர்கள் இரண்டு கரைகளில் நின்று எழுதினார்கள். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அந்த முடியை மீட்டுவருவதை ராசேந்திர சோழனின் வெற்றியாகச் சொல்கிறது. 1963-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல் அது. மதுரையில் தமிழாசிரியராக இருந்த நா. பார்த்தசாரதியின் ‘பாண்டிமாதேவி’ அதே முடி கைநழுவிய துயரத்தை, நாட்டை இழந்த இராசசிம்மனின் தாய் வானவன்மாதேவியின் பக்கம் நின்று சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர் ஒரே பொருள் ஒரு வீட்டில் பரிசாகவும் இன்னொரு வீட்டில் இழவாகவும் இருப்பதைக் காண்பார். அகிலன் பிறகு ‘கயல்விழி’யில் பாண்டியர் பக்கமே வந்து சேர்ந்தார். சோழரை வென்ற சுந்தரபாண்டியன் காலத்துக் கதை அது. எம்.ஜி.ஆர். இயக்கி நடித்து 1978 பொங்கலுக்கு வெளியான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ அந்த நாவலிலிருந்து எடுத்ததுதான்.

ஆனாலும் பாண்டிய நாட்டுக் காதலுக்கு இடம் கொடுத்ததில் சிறிய நூல்களின் பங்கு பெரிது. நூறு, இருநூறு பக்கங்களில் முடியும் இந்தக் கதைகளைப் பற்றி வாசகர்கள் பேசுவது குறைவு. கல்கியைப் பற்றிய பேச்சு ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களோடு நின்றுவிடுகிறது. அவருடைய ‘மோகினித் தீவு’ மதுரையில் நடக்கும் கதை என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

உலகப் போரின்போது ரங்கூனிலிருந்து தப்பி வரும் கப்பல் ஒன்று ஆளற்ற தீவின் அருகே ஒதுங்குகிறது. அங்கே நிலவொளியில் ஓர் ஆணும் பெண்ணும் தங்கள் பழங்கதையைச் சொல்கிறார்கள். பாண்டிய இளவரசி புவனமோகினி, சோழ இளவரசன் சுகுமாரன். பெண் கொடுக்க முன்வந்த பராக்கிரம பாண்டியனை உத்தம சோழன் இழிவாகப் பேச, போர் மூண்டு சோழன் சிறைப்படுகிறான். தந்தையை மீட்கச் சுகுமாரன் சிற்பம் கற்கும் இளைஞனாக மதுரைக்கு வருகிறான். காதலா, தந்தை பாசமா, ஏமாற்றா என்று பிரிக்க முடியாத இடத்தில் கதை நிற்கிறது. கதை சொல்லும்போதே ஒருவரை ஒருவர் இடைமறித்து, உங்கள் வீட்டார்தான் முதலில் தவறு செய்தார்கள் என்று தம்பதி செல்லமாகச் சண்டையிடுவதுதான் இதன் உயிர். சோழ–பாண்டியப் பகை கணவன் மனைவி வாக்குவாதமாக மாறும் அந்த உத்தியில், யார் பக்கம் நியாயம் என்ற வாசகரின் வழக்கையே கல்கி கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். இது எந்த ஆண்டு, எந்தப் பராக்கிரம பாண்டியன் என்று கறாராகக் கேட்பவருக்கு இந்நூல் ஏமாற்றம் தரும். பாண்டியரில் அந்தப் பெயர் கொண்டவர் பலர். கதை எந்தக் கல்வெட்டிலும் கால் ஊன்றவில்லை.

‘சோலைமலை இளவரசி’ இன்னும் துணிச்சலானது. 1942 போராட்டத்தில் போலீசுக்குத் தப்பி ஓடும் குமாரலிங்கம் இடிந்த கோட்டை ஒன்றில் ஒளிகிறான். சுமார் நூறு ஆண்டுக்கு முன் வெள்ளையரை எதிர்த்த மாறனேந்தல் உலகநாதத் தேவனாகவும் சோலைமலை மாணிக்கவல்லியின் காதலனாகவும் தன்னைக் காண்கிறான். முற்பிறவிக் கனவு என்ற உத்தியை ஏற்காத வாசகர்கள் இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஏற்றவர்களுக்கு, பாளையக்காரர் எதிர்ப்பும் ஆகஸ்ட் புரட்சியும் ஒரே நெஞ்சில் ஓடுவது புரிகிறது. பேரரசர்களை விட்டுவிட்டுத் தெற்கத்திச் சீமையின் சிறு கோட்டைகளுக்கு வந்ததாலேயே இந்த நூல் இங்குள்ள வாசகருக்கு நெருக்கமாகிறது.

நா. பார்த்தசாரதியிடம் நிலம் இன்னும் தெளிவு. களப்பிரர் பிடியிலிருந்து மதுரையை மீட்கும் கதையான ‘நித்திலவல்லி’ திருமோகூரைச் சுற்றி விரிகிறது. மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டினால் வரும் அதே மோகூர். இளையநம்பியைக் காதலிக்கும் செல்வப்பூங்கோதை அந்த ஊர்ப் பெரிய காராளரின் மகள். கடுங்கோன் என்ற பாண்டியன் களப்பிரரிடமிருந்து நாட்டை மீட்டான் என்று வேள்விக்குடிச் செப்பேடு சொல்வதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிக் கிடைக்கும் செய்தி சொற்பம். அந்த வெற்றிடத்தில்தான் ஆசிரியர் சுரங்கப் பாதைகளையும் ஒற்றர்களையும் காதலையும் வைக்கிறார். ‘கபாடபுரம்’ அதைவிடச் சிறியது. பாண்டிய இளவரசன் சாரகுமாரன், பாணர் குலப் பெண் கண்ணுக்கினியாள். இருவரையும் இசை சேர்த்துவைக்கிறது, அரச குலம் குறுக்கே நிற்கிறது. நா.பா.வின் காதலர்கள் தொடுவதைவிடப் பேசுவதும் பாடுவதும் அதிகம் என்பது அவரை விரும்புவோரும் விரும்பாதோரும் ஒருசேரச் சொல்லும் கருத்து.

இந்த இடத்தில் சாண்டில்யன் வந்தே தீர வேண்டும். அவருடைய ‘மூங்கில் கோட்டை’ தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் சிறையிலிருந்து சேரன் தப்பிய செய்தியின் மேல் எழுந்தது. அதற்கு வேர் புறநானூற்றின் 17-ஆம் பாட்டு. சங்கப் பாட்டின் ஒற்றைத் தகவலை வைத்து ஒரு நூலையே நிரப்பும் ஆற்றல் அவருக்கு இருந்தது. 12-ஆம் நூற்றாண்டுப் பாண்டிய வாரிசுப் போரும் இலங்கைத் தளபதி இலங்காபுரனின் படையெடுப்பும் ‘கன்னி மாட’த்தில் வருகின்றன. ‘ராஜ முத்திரை’யும் பாண்டியர் கதையே. சோழர் மோகம் என்ற குற்றச்சாட்டு சாண்டில்யன் மேல் அவ்வளவாக ஒட்டாது.

அவர்மேல் வாசகர் வைக்கும் குற்றச்சாட்டுகள் வேறு. நாயகியின் உடலழகை வருணிக்கத் தொடங்கினால் பக்கக்கணக்கில் நிற்காமல் போவது ஒன்று. ஒரு நாயகனுக்கு இரு நாயகியர் என்பது மற்றொன்று. ‘கடல் புறா’வில் இளையபல்லவனுக்குக் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும், ‘யவன ராணி’யில் இளஞ்செழியனுக்குப் பூவழகியும் யவன ராணியும். ‘குமுதம்’ பக்கங்களில் லதாவின் ஓவியத்தோடு இதை வாராவாரம் படித்த தலைமுறைக்கு அது இன்பம். அதே நூலை இன்று நூலகத்தில் எடுக்கும் இளம்பெண்ணுக்கு, நாயகி அறைக்குள் நுழைந்ததும் கதை நின்று வருணனை தொடங்குவது சலிப்பு. இந்தச் சலிப்பை ஒழுக்கக் கண்டிப்பு என்று ஒதுக்குவது தவறு. காதல் கதையில் பெண்ணுக்கு என்ன தெரியும், அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்று கேட்கும் வாசகர் கதையின் தரத்தைத்தான் கேட்கிறார். ‘பொன்னியின் செல்வ’னின் குந்தவையும் ‘மோகினித் தீ’வின் புவனமோகினியும் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்பதே. சாண்டில்யனின் சிறிய நூல்களில் இடம் குறைவு என்பதால் வருணனையும் கட்டுக்குள் நிற்கிறது; அவரை முதன்முதலாகப் படிக்க விரும்புவோர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

சிறிய வடிவத்தின் மேல் உள்ள பொதுவான குறை அவசரம். கண்டதும் காதல், காதலித்ததும் ஆபத்து, ஆபத்து தீர்ந்ததும் முடிவு. காதல் வளர்வதற்குக் காலம் இல்லை என்று வாசகர் சொல்வது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்தில் ஜார்ஜெட் ஹேயரின் சரித்திரக் காதல் நாவல்களைக் கொண்டாடுகிறவர்கள், 1960-இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பான ‘பிஸ்டல்ஸ் ஃபார் டூ’வை ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள். தொகுப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு கதைகளில் ஒன்று பிடித்து மூன்று பிடிக்காமல் போனால் நூலே மோசம் என்ற பெயர் வந்துவிடுகிறது. தொகுப்பை மதிப்பிடும்போது கதை கதையாகச் சொல்வதே நேர்மை. அவசரத்தை வென்ற சிறுநூல்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் கையாண்டிருக்கின்றன: காதல் தொடங்குவதைக் காட்டாமல், அது சோதனைக்கு வரும் இடத்தில் கதையைத் திறப்பது. ‘மோகினித் தீவு’ அதற்கும் ஒரு படி மேலே போய், எல்லாம் முடிந்த பிறகு தொடங்குகிறது.

உண்மை பற்றிய வாசகரின் அளவுகோல் காலத்தோடு மாறியிருக்கிறது. தமிழின் முதல் சரித்திர நாவலாகக் கருதப்படும், 1895-இல் வந்த திருகோணமலை தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’யே மதுரை நாயக்கர் சொக்கநாதரின் காதல் கதைதான். தஞ்சை விஜயராகவ நாயக்கர் பெண் கொடுக்க மறுத்ததும், 1673-இல் சொக்கநாதரின் படை தஞ்சையைப் பிடித்தபோது அந்தப்புரமே அழிந்ததும் சரித்திரம் சொல்லும் கொடூரம். அந்தப் பகையின் மேல் காதலைப் போர்த்துவது அன்றைய வாசகருக்கு உவப்பாக இருந்திருக்கலாம். இன்றைய வாசகர் அழிந்தவர்களைப் பற்றியும் கேட்பார். கீழடியில் தோண்டத் தொடங்கிய பிறகு, வைகைக்கரையில் அரசர்களுக்கு வெளியே வாழ்ந்தவர்களைக் கதையில் தேடும் பழக்கமும் பரவியிருக்கிறது. கீழடிக்கு முன்பே வந்த சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது; மதுரையின் அறுநூறு ஆண்டுகளைக் காவல்காரர்களின் பக்கம் நின்று சொன்னது. ஜெயமோகன் அதை விரிவாகப் பாராட்டினார், எஸ். ராமகிருஷ்ணன் கடுமையாக மறுத்தார். அந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் படித்துவிட்டுப் பேசின என்பது இந்த வகைக்குக் கிடைத்த மரியாதை.

சிறுநூல்களுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. அதில் பதிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. நாட்டுடைமையான பிறகு கல்கியின் குறுநாவல்களைப் பலர் அச்சிட்டார்கள். விலை இறங்கியது, நூல் எல்லார் கைக்கும் போனது. ஆனால் பல பதிப்புகளில் கதை எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்ற ஒரு வரிகூடக் கிடையாது. பழைய வாசகர்கள் தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொகுதிகளில் ஓவியமும் தேதியும் இருக்கும். புதுப் பதிப்பில் இரண்டும் இருப்பதில்லை. எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துக் காட்டும் குறிப்பு இல்லாததால் ஒரு சாரார் எல்லாவற்றையும் சரித்திரமாக நம்புகிறார்கள், இன்னொரு சாரார் எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்குகிறார்கள்.

மதுரையில் ஆண்டுதோறும் தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது. பாண்டிய நாட்டுச் சரித்திரக் காதல் குறுநாவல்களை ஒரே தொகுதியாக, முதலில் வந்த இதழ், ஆண்டு, ஓவியரின் பெயர், கதைக்கு இரண்டு பக்கச் சரித்திரக் குறிப்பு ஆகியவற்றோடு கொண்டுவர இந்த ஊரில் ஒரு பதிப்பகம் முன்வர வேண்டும். வீட்டுப் பரணில் பழைய பைண்டு தொகுதிகள் வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போடாமல் நூலகங்களுக்குக் கொடுத்தால் அந்த வேலைக்குப் பேருதவியாக இருக்கும்.

(தொடரும்)