எக்ஸ் கதிர் என்னும் உரைகல்

பொன்னின் மாற்று அறிய நம் பொற்கொல்லர் நெடுங்காலமாக உரைகல்லை நம்பி வந்தனர். இன்றோ நகையைத் தேய்க்காமலும் உருக்காமலும், எக்ஸ் கதிரைப் பாய்ச்சியே மாற்றுச் சொல்லிவிடுகின்றனர். இது எவ்வாறு எனக் காண்போம்.

அணுக்கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் கே, எல், எம் என்னும் கூடுகளில் அமைந்துள்ளன. எக்ஸ் கதிர் தாக்கியதும் உட்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் வெளியேறுகிறது. அக்காலியிடத்தை நிரப்ப வெளிக்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று உள்ளே இறங்குகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அத்தனிமத்திற்கே உரிய எக்ஸ் கதிராக ஒளிர்தல். மற்றொன்று, ஒளிராமல் வேறோர் எலெக்ட்ரானை வெளியே தள்ளுதல். இவ்விரண்டாம் வழியை 1922-இல் லீசெ மைட்னர் அம்மையார் அறிவித்தார். 1923-இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஓஜேயும் தனியே கண்டறிந்தார். ஆயினும் 'ஓஜே விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது!

நூறு காலியிடங்கள் நிரம்பும்போது எத்தனை முறை எக்ஸ் கதிர் பிறக்கிறதோ, அதுவே ஒளிர்வு விகிதம். கே கூட்டில் இது இரும்புக்கு ஏறத்தாழ 34, செம்புக்கு 44, வெள்ளிக்கு 83, பொன்னுக்கு 96. கார்பனுக்கோ 1 கூட இல்லை.

இதைத் தோராயமாக மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. வெள்ளியின் அணு எண் 47. நான்கு 47-களைப் பெருக்கினால் 48,79,681 வரும். இத்துடன் 11 லட்சத்தைக் கூட்டி, வந்த தொகையால் முதல் எண்ணை வகுத்தால் நூற்றுக்கு 82 கிடைக்கும். உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில், பாருங்கள்! இலேசான தனிமங்களுக்கு மட்டும் இவ்வழி சற்றுக் குறைத்தே காட்டும்.

பொன்னின் கே கூட்டைத் திறக்க 80,000 வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். ஆகவே நகைக்கடைக் கருவிகள் பெரும்பாலும் அதன் எல் கூட்டையே நோக்குகின்றன. அங்கே முக்கியப் பகுதியில் விகிதம் சுமார் 32 மட்டுமே. நகையில் கலந்த செம்போ கே கூட்டிலிருந்து 44 தருகிறது. இரண்டிலும் காலியிடங்கள் சமமாக இருந்தாலும் செம்பே மிகுதியாக ஒளிரும். எனவே வரும் ஒளியை மட்டும் எண்ணி மாற்றுச் சொல்வது தவறாகும். இவ்விகிதத்தையும் பிற திருத்தங்களையும் சேர்த்து, மாற்றுத் தெரிந்த மாதிரித் துண்டுகளோடும் ஒப்பிட்டே முடிவு கூறவேண்டும்.

மருத்துவச் செலவுக்காகத் தன் ஒற்றை வளையலை விற்க வரும் ஏழைத் தாய்க்கு அந்த முடிவே நீதி. கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, தெரியாமல் போன பங்கையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மையான அளவை. அறிவியல் பயிலும் நாம் இதை மறவாதிருப்போமாக.