மாணவர்கள் போன பிறகும் சோதனை தொடரட்டும்

இளநிலை வேளாண்மை இறுதியாண்டு மாணவர்கள், ஊரக வேளாண் பணி அனுபவப் பாடத்துக்காகக் கிராமங்களில் தங்கி, விதை நேர்த்தி, மண் மாதிரி எடுத்தல் போன்றவற்றைச் செய்து காட்டுகின்றனர். நான் மாணவனாகச் சென்றபோது ஒரு பெரியவர் கேட்டார்: "செஞ்சு காட்டிட்டுப் போயிடுவீங்க தம்பி. வெளஞ்சுதான்னு யார் பாக்குறது?" நியாயமான கேள்வி. பெரும்பாலும் அறுவடைக்கு முன்பே மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பிவிடுகின்றனர்.

இதற்கு விவசாயிகளே வழி செய்யலாம். ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரவு முழுவதும் ஊறவைத்து நேர்த்தி செய்து காட்டினால், நேர்த்தி செய்யாத அதே ரக விதையையும் தனியாக விதைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்த பாத்திகளில் நட்டு, ஒரே அளவு உரமும் தண்ணீரும் கொடுங்கள். நோய்த் தாக்குதலையும் விளைச்சலையும் நோட்டில் எழுதி, அறுவடையன்று மாணவருக்கு போனில் சொல்லுங்கள்.

மண் மாதிரி எடுத்தால், ஆய்வு முடிவு யார் மூலம் வரும் என்று அன்றே கேட்டு வையுங்கள். மாணவர்கள் சென்ற பிறகு, உதவி வேளாண்மை அலுவலர்கள் அந்த வயலை அறுவடை வரை பார்த்து வந்தால், பலன் ஊருக்கே தெரியும். பலன் இல்லாவிட்டால், அதையும் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும்.