துஜா வேலி: விதையிலிருந்து, மேடவாக்கத்தில்

இன்னிக்கு எபிசோட் வேலி பத்தி. கம்பி வேலி இல்ல, செடி வேலி. வருஷம் பூரா பச்சையா, ரோட்டுல போறவங்களுக்கு உள்ளே எதுவும் தெரியாத மாதிரி அடர்த்தியா நிற்கிற வேலி. வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களில் கத்தரிச்சு வெச்ச பச்சைச் சுவர் மாதிரி இருக்குமே, அது. ஊட்டி போனவங்க சைப்ரஸ் வேலியா நேரிலேயே பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி ஒண்ணை மேடவாக்கத்தில் விதை போட்டு வளர்க்க முடியுமா? முடியும். ஆனா செடியும் வேற, பயப்பட வேண்டிய விஷயமும் வேற.

அந்த வீடியோக்களில் அடிக்கடி வர்ற வார்த்தை 'ஹார்டி'. அங்கே அதுக்கு அர்த்தம், பனியைத் தாங்கும்ங்கிறது. நமக்கு அது எதுக்கு? நம்ம ஊர்ல ஒரு செடி எழுத வேண்டிய பரீட்சை ரெண்டு: மே மாசக் கத்திரி வெயில், அப்புறம் நவம்பர், டிசம்பர்ல காலடியில் தேங்குற தண்ணி. வெயில் பரீட்சையில் பாஸ் ஆகிற ஊசியிலைச் செடி இருக்கு. தண்ணி பரீட்சையிலதான் கோட்டை விடும்.

அந்தச் செடி துஜா. நர்சரியில் கேட்டா இந்தப் பேர்லயே கொடுப்பாங்க. விசிறி மாதிரி தட்டையா, செங்குத்தா அடுக்கின இலைக்கொத்து. தாவரவியலில் இப்போ இது துஜாவே இல்ல. பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ்னு தனிப் பேரினம், அதில் இந்த ஒரே ஒரு இனம்தான். சீனா, கொரியா பக்கத்துச் செடி. பெய்ஜிங் நகரத்தோட அதிகாரபூர்வ மரங்கள் ரெண்டில் இது ஒண்ணு. வறண்ட மலைச்சரிவிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வளர்ந்து பழகினதால, பக்கெட்டில் வெள்ளையா படியற போர் தண்ணியும் இதுக்குப் பெரிய பிரச்சினை இல்ல. (நர்சரியில் 'கிறிஸ்துமஸ் மரம்'னு விற்கிற அரக்கேரியா வேற. அது ஒத்தையா உயரமா போற மரம், வேலிக்கு ஆகாது.)

ஆன்லைனில் விதை வாங்கினா ஒரு சோதனை பண்ணுங்க. பாக்கெட்டைப் பிரிச்சு விதையை உள்ளங்கையில் போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் மெல்லிசா காகிதம் மாதிரி இறக்கை இருந்தா, அது குளிர் நாட்டு அசல் துஜா. சென்னை வெயிலில் அதை வளர்க்கப் பார்க்கிறது வீண் வேலை. நமக்கு வேண்டிய விதைக்கு இறக்கையே கிடையாது. 4லிருந்து 6 மில்லிமீட்டர் நீளத்தில், பழுப்பு நிறத்தில், குண்டா இருக்கும். தெரிஞ்ச வீட்டில் வளர்ந்த செடி இருந்தா இன்னும் நல்லது. அதோட காய் நீலப் பச்சையா, மேல குட்டிக் குட்டிக் கொக்கியோட இருக்கும். பழுப்பாகி வெடிக்க ஆரம்பிக்கும்போது பறிச்சு, பேப்பர் மேல நிழலில் காய வெச்சா விதை தானா உதிரும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். விதையில் வளர்த்தா ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரிதான் வரும். ஒண்ணு ஒல்லியா போகும், பக்கத்தில் இருக்கிறது குண்டா பரவும். மஞ்சள் கலந்த குட்டை ரகத்தோட விதையைப் போட்டா அதே மஞ்சள், அதே குட்டை வரணும்னு இல்ல. அச்சடிச்ச மாதிரி ஒரே அளவில் வேணும்னா, வெட்டுத்துண்டு வெச்சு வளர்த்த கன்னுதான் வாங்கணும். விதையோட லாபம் செலவுதான்: நீளமான காம்பவுண்டுக்கு ஐம்பது, அறுபது செடி வேணும்னா கன்னு விலை கையைக் கடிக்கும். எனக்கு அந்த ஏற்ற இறக்கமும் பிடிக்கும். கத்தரிக்கோல் போட்ட பிறகு பாதி வித்தியாசம் தெரியாது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' இங்கே செல்லாது. ஆடியில் போட்டா நாற்று ரெண்டு விரல் உயரத்தில் இருக்கும்போதே ஐப்பசி மழை வந்துடும். தை மாசம் போடுங்க. விதையை 24 மணி நேரம் தண்ணியில் ஊற வெச்சு, மிதக்கிறதை எடுத்துடுங்க. கரடுமுரடான மணல் பாதி, கொக்கோபீட் பாதி. மண்புழு உரம், சாணம் எதுவும் இப்போ வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். மூணு, நாலு வாரத்தில் முளைக்கும். முதலில் வர்றது ஊசி மாதிரி இலை. பார்த்துட்டு வேற செடியோன்னு பிடுங்கிடாதீங்க, தட்டை இலை அப்புறம்தான் வரும்.

இந்தக் கட்டத்தில் நாற்றைக் கொல்றது வெயிலைவிட நாற்றழுகல். சாயங்காலம் நல்லா நின்ன நாற்று காலையில் தண்டோட அடி கருத்துச் சாய்ஞ்சிருக்கும். அது மண்ணில் இருக்கிற பூஞ்சை வேலை. ஈரமும் காத்தோட்டம் இல்லாததும் சேர்ந்தா வரும். காலையில் மட்டும் தண்ணி, மேல்மண் கொஞ்சம் காய்ஞ்ச பிறகு அடுத்த தடவை, நாற்றுக்கு நடுவே இடைவெளி. மருந்தைவிட இதுதான் பலன் தரும். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்க. மூணு அங்குலம் வந்ததும் வேர் கலையாம தனித்தனி கவருக்கு மாத்திடுங்க.

முதல் மழைக்காலம் முழுக்கக் கன்னு கவரிலேயே இருக்கட்டும், செங்கல் மேல தூக்கி வெச்சு. ஒரு சாண் உயரம்தான் வந்திருக்கும், அவசரப்படாதீங்க. அடுத்த தை மாசம் தரையில் நடுங்க. அப்போதான் அடுத்த மழைக்குள்ள வேர் இறங்க ஒன்பது மாசம் கிடைக்கும்.

இப்போ முக்கியமான விஷயம், இடம். பேரு மேடவாக்கம்; ஆனா எல்லாத் தெருவும் மேடு இல்ல. நன்மங்கலம் காட்டுப் பக்கம் பாறையும் ஏற்றமுமான நிலம். பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் போனா சதுப்புநிலத்தை ஒட்டின தாழ்வு. 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது. தண்ணி அங்கே போறது அதோட இயல்பு, நாமதான் நடுவில் வீடு கட்டியிருக்கோம். 2015லயும் 2023 மிக்ஜாம் புயலிலயும் தண்ணி எங்கே நின்னதுன்னு உங்க தெருவில் விசாரிங்க. காம்பவுண்ட் ஓரமா நாலைஞ்சு நாள் தண்ணி நிற்கிற இடம்னா துஜா வேண்டாம். வேர் மூச்சு முட்டி அழுகும். ஆனா இலை உடனே காட்டிக்கொடுக்காது. தண்ணி வடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சுத்தான் வரிசையா பழுப்பாகும், அப்போ ஒண்ணும் செய்ய முடியாது. லேசா ஈரம் நிற்கிற இடம்னா ஒரு அடி உயரத்துக்கு நீளமா மண் வரப்பு போட்டு, அது மேல ரெண்டு அடிக்கு ஒண்ணா நடலாம்.

தாழ்வான தெருவில் இருக்கிறவங்களுக்கு சவுக்கு. ஈ.சி.ஆர். ஓரத்தில் பார்க்கிற அதே சவுக்குதான். சின்ன வயசில் அந்த ஊசியைக் கணு கணுவா பிடுங்கித் திரும்பச் சொருகி, 'எங்கே உடைச்சேன், கண்டுபிடி'ன்னு விளையாடியிருப்போமே. அது ஊசியிலை மரமே இல்ல, பூக்கிற மரம். பச்சை ஊசி உண்மையில் குச்சி. கணுவில் இருக்கிற பொடிப் பல்தான் இலை. வேர் முடிச்சில் பிராங்கியாங்கிற நுண்ணுயிர் காத்திலிருந்து தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடுக்கிறதால உரச்செலவு கம்மி. உப்புத் தண்ணியையும் கொஞ்ச நாள் ஈரத்தையும் துஜாவைவிட நல்லா தாங்கும். காயை வெயிலில் ரெண்டு மூணு நாள் வெச்சா விதை கொட்டும். விதைச்ச தட்டோட கால்களைத் தண்ணிக் கிண்ணத்தில் வைங்க, இல்லைன்னா எறும்பு மொத்தத்தையும் தூக்கிட்டுப் போயிடும். ஒரு அடிக்கு ஒண்ணா நட்டா வேலியாகும். ஆனா வேகமா வளரும். வெட்ட மறந்தா வேலி மரமாயிடும்.

துஜாவை வெட்டும்போது ஒரே கண்டிஷன்: பச்சை இருக்கிற இடத்தில் மட்டும் வெட்டுங்க. உள்ளே இருக்கிற பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டிட்டா அந்த இடம் திரும்பத் துளிர்க்காது, ஓட்டை ஓட்டையாவே நிற்கும். அதனால ரெண்டாவது வருஷத்திலிருந்தே பக்கவாட்டில் லேசா, அடிக்கடி. அடி அகலமாவும் மேல குறுகலாவும் இருக்கட்டும், அப்போதான் கீழ் இலைக்கும் வெளிச்சம் விழும். உயரம் தலைக்கு மேல போக வேண்டாம். இங்கிலாந்தில் லேலண்டி வேலியால பக்கத்து வீட்டுச் சண்டைகள் முத்தி, 2 மீட்டருக்கு மேல போற பசுமை வேலிகள் மேல புகார் கொடுக்க 2003ல் ஒரு சட்டமே வந்தது. நம்ம ஊர்ல சட்டத்துக்கு முன்னாடி அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் வந்துடும். கன்னு நடுறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.